அண்ணி போட்ட நடுக்கோடு

1

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பயிற்சி மாணவி தன்னுடைய முதல் கவனிப்புக் குறிப்பை என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். ஒரு நோயாளியின் எதிரில் அரைமணி நேரம் உட்கார்ந்து எழுதவேண்டிய குறிப்பு அது. தாளின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடது பக்கம் குண்டு குண்டான எழுத்தில் நிரம்பியிருந்தது. வலது பக்கத்தில் ஒரே ஒரு வரி: "இவர் பேசுவதில்லை."

"போய் இன்னும் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்" என்றேன்.

"நாளெல்லாம் உட்கார்ந்தாலும் அவர் பேசமாட்டாரே?" என்றாள்.

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேனே தவிர, அதன் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அதே வாக்கியத்தை ஒரு காலத்தில் நானே எழுதியிருக்கிறேன், என் சொந்த அண்ணனைப் பற்றி. வீட்டுக்கு வந்ததும் பழைய டைரிகளைக் கீழே இறக்கி, அறுபத்தொன்றையும் அறுபத்திரண்டையும் தனியாக எடுத்துவைத்தேன்.

விழுப்புரத்திலிருந்து ஒரு நண்பர், வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதி அனுப்பும்படி இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பனியைப் பற்றியும் மாடி பஸ்ஸைப் பற்றியும் எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். எனக்கு நன்றாகத் தெரிந்தது என் வேலை ஒன்றுதான். அதையே எழுதுகிறேன்.

2

இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு மனநல மருத்துவமனையில் பதினோரு வருஷமாக நர்சாக இருக்கிறேன். ஐம்பத்தைந்தில் வந்து சேர்ந்தபோது முதலில் என் இடுப்பில் ஒரு சாவிக்கொத்தை மாட்டினார்கள். ஒரு கதவைத் திறந்து உள்ளே போனால், அதைப் பூட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்கவேண்டும். அந்தச் சமயத்தில்தான் புது மாத்திரைகள் வந்தன. பல வருஷங்களாக மூலையில் குந்தியிருந்தவர்கள் எழுந்து வந்து செய்தித்தாள் கேட்டார்கள். அப்படியானால் பூட்டு எதற்கு என்று டாக்டர்கள் யோசித்தார்கள். யோசித்ததோடு நிற்கவில்லை. ஒரு வார்டின் கதவைப் பகல் முழுவதும் திறந்து வைத்துவிட்டு, யார் வெளியே போகிறார்கள், எங்கே போகிறார்கள், எப்போது திரும்புகிறார்கள் என்று மாதக்கணக்கில் எங்களைக் குறிப்பெடுக்கச் சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள். இவ்வளவு பெரிய பயத்தை இவ்வளவு எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம் என்பது எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

புதன்கிழமை பிற்பகல்களில் எங்களுக்கு வகுப்பு. ஒரு புதன்கிழமை எங்கள் ஆசிரியை, பழுப்புக் கோட்டு அணிந்த மெலிந்த மனிதர் ஒருவரை அழைத்துவந்து தன் நாற்காலியில் உட்காரவைத்தார். பெயர் மிஸ்டர் டாசன். ஊரில் கடிகாரம் பழுது பார்க்கிறவர். அதற்கு முன் ஒன்பது வருஷம் இதே மருத்துவமனையில் நோயாளியாக இருந்தவர். தம்மைப் பற்றிய பழைய குறிப்பு ஒன்றை, தாமே சம்மதித்து, எங்களுக்குப் படித்துக் காட்டினார்.

"'இன்று காலை முழுவதும் காரணமில்லாமல் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்.' இதை எழுதியவர் நல்ல மனிதர். குளிர்காலத்தில் எனக்குத் தன் கையுறையைக் கொடுத்தவர். ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் வெந்நீர்க் குழாய் போகிறது. வெந்நீர் நின்றுவிட்டால் வார்டில் எல்லோரும் விறைத்துச் செத்துவிடுவார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஓடுகிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தேன். என் நம்பிக்கை தப்புதான். காரணம் இல்லை என்பதும் தப்பு. என்னைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன்."

அன்றைக்கு ஏற்பட்டதுதான் நடுக்கோடு. இடது பக்கம் நாம் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும். நம் அபிப்பிராயம் கூடாது. பிறகு அதைச் சம்பந்தப்பட்டவருக்கே படித்துக் காட்டவேண்டும். அவர் சொல்வது எதுவானாலும் வலது பக்கம். என் முதல் தாளில், என் அரைகுறை ஆங்கிலத்தில், "இவருக்கு இன்று பைத்தியம் அதிகம்" என்று பொருள்படும்படி எழுதிவிட்டேன். கிழவர் ஒருவர் அதைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதை வைத்து அளந்தீர்கள்?" என்றார். அவர் கேள்வியை அப்படியே வலது பக்கத்தில் எழுதினேன்.

நோயாளியாக இருந்த ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, நர்சுகளுக்கும் சில நாள் டாக்டர்களுக்கும் பாடம் சொல்வதை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. அவர் பேசும்போது நாங்கள் எழுந்து நின்று கேள்வி கேட்போம்.

3

என் அண்ணன் கோவிந்தசாமி விழுப்புரம் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் பிரிகிற இடத்தில் நின்று, வருகிற வண்டியைச் சரியான பாதைக்குத் திருப்பிவிடுகிற வேலை. வண்டி வந்தால் மட்டும் போதாது. அதன் கடைசிப் பெட்டியில் மாட்டியிருக்கும் அடையாளப் பலகையைக் கண்ணால் பார்க்கவேண்டும். பார்த்தால்தான் நடுவில் எந்தப் பெட்டியும் கழன்று நின்றுவிடாமல் வண்டி முழுசாகப் போய்விட்டது என்று பொருள். அண்ணன் பதினாறு வருஷம் ஒரு தவறும் செய்ததில்லை. ஐம்பத்தேழில், எந்தக் காரணமும் வெளியே தெரியாமல், தவறு செய்துவிட்டதாக அவருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. வேலை முடிந்த பிறகும் வீட்டுக்கு வராமல் பாதையோரமாகவே நடந்தார். பேச்சு குறைந்தது. தூக்கம் போயிற்று. அடுத்த வருஷம் உடல்நிலையைக் காரணமாகச் சொல்லி அவரை வேலையிலிருந்து விடுவித்தார்கள்.

அண்ணி அலமேலு எனக்கு எழுதிக் கேட்டார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். "தம்பி, நீங்கள் இதற்கே படிக்கிறீர்கள். என்ன செய்வது என்று எழுதுங்கள்."

நான் எழுதினேன். இன்றும் அதன் நகல் என் டைரியில் இருக்கிறது. "ரயில் சத்தம் காதில் விழாத அமைதியான இடத்துக்கு அண்ணனை அழைத்துப் போகவும்." பாடப் புத்தகத்தில் ஓய்வும் அமைதியும் வேண்டும் என்று இருந்தது. நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

அண்ணி எங்கள் தாய்மாமன் ஏகாம்பரத்தின் மகள். மாமாவுக்குக் கிளியனூரில் சொந்த நிலம், மல்லாட்டை என்று எங்கள் பக்கத்தில் சொல்கிற வேர்க்கடலையும் கேழ்வரகும் விளைகிற மேட்டு நிலம். திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற சாலையில் உள்ள ஊர். ரயில் பாதையே கிடையாது. அங்கே போனார்கள். போன இரண்டாம் மாதம் அண்ணன் சாலையில் ஓட ஆரம்பித்தார். ஒரு தடவை லாரிக்காரன் பிரேக் போட்டதால் பிழைத்தார். அதற்கப்புறம் மாமா, கிணற்று மோட்டார் கொட்டகையின் தூணில் அவருடைய வலது கணுக்காலைக் கயிற்றால் கட்டிவைத்தார். மாமா கெட்டவர் இல்லை. மகளின் தாலியைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அது.

4

கட்டிவைத்திருக்கிறார்கள் என்ற செய்தி எனக்குத் தெரிந்த அன்று காலையில்தான் எங்கள் வார்டின் கதவிலிருந்து பூட்டை நிரந்தரமாகக் கழற்றியிருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் மாத்திரைகளை பார்சலில் அனுப்பினேன். நாலு மாதம் கழித்து மூன்று முத்திரைகளோடும், பெறுபவர் நோயாளியா அல்லது நோயாளியின் முகவரா என்ற ஒரு கேள்வியோடும் பார்சல் திரும்பி வந்தது. திண்டிவனத்து டாக்டர் ஒருவரே சென்னையிலிருந்து அதே மருந்தை வரவழைத்துக் கொடுத்தார். கட்டியதிலிருந்து அண்ணனுக்கு வந்திருந்த கோபம் பாதி தணிந்தது. அவிழ்த்துவிட்டால் ஓடுவது நிற்கவில்லை. மருந்தால் மட்டும் ஆகாது என்று எனக்குப் பட்டது.

அறுபத்தோராம் வருஷக் கோடையில் அண்ணிக்கு எழுதினேன். "ஒரு நோட்டு வாங்கவும். அண்ணன் எப்போது என்ன செய்கிறார் என்று நேரத்தோடு எழுதவும். உங்கள் அபிப்பிராயம் வேண்டாம். மாதம் ஒருமுறை அனுப்பவும்." வலது பக்கத்தைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் கடிதத்தின் வரைவில் எழுதி அடித்திருக்கிறேன்: "அண்ணன் பேசுவதில்லை. அது தேவைப்படாது." ஐந்தாம் வகுப்புப் படித்த பெண்ணுக்கு இரண்டு பக்கம் எதற்கு என்றும் நினைத்திருப்பேன்.

முதல் மாதத்து நோட்டு வந்தது. அண்ணி நான் கேட்டபடியே எழுதியிருந்தார். வீட்டில் கடிகாரம் இல்லாததால் பள்ளிக்கூட மணியையும் பஸ்ஸையும் வைத்துக் குத்துமதிப்பான நேரம். "காலை 6. எழுந்தார். கயிற்றை இழுத்தார். திண்டிவனம் பக்கம் பார்த்தார். காலை 9½. அதே போல். சாயங்காலம் 5½. அதே போல். அழுதார்." தினமும் அந்த மூன்று வேளைதான். நான் கட்டம் கட்டமாக அட்டவணை போட்டு, சிவப்பு மையில் குறித்து, ஒரு முடிவுக்கு வந்தேன்: பசி. மூன்றும் சாப்பாட்டுக்கு முந்திய நேரம். எல்லா வேளைச் சோற்றையும் அரைமணி முன்னதாகக் கொடுக்கும்படி எழுதினேன். அண்ணி கொடுத்தார். ஒன்றும் மாறவில்லை. அவர் ஒவ்வொரு நாளும் எழுதியிருந்த "திண்டிவனம் பக்கம்" என்ற சொற்களை நான் கவனிக்கவே இல்லை. பசிக்குத் திசை கிடையாது.

5

மூன்றாவது நோட்டைப் பிரித்தபோது ஒவ்வொரு தாளிலும் நடுவில் ஒரு கோடு இருந்தது. அடிக்கோல் இல்லாமல் கையால் போட்ட, சற்றே கோணலான கோடு. நான் சொல்லாததை யார் சொன்னார்கள்? கூட வந்த கடிதத்தில் அண்ணி விளக்கியிருந்தார். அவர் எழுத்திலேயே தருகிறேன்.

"தம்பிக்கு. அவரப் பத்தி எழுதி அவருக்குத் தெரியாம கப்பல்ல அனுப்பறது எனக்கு மனசுக்கு சரியாப் படல. அதனால தெனம் சாயங்காலம் எழுதினத அவருக்குப் படிச்சிக் காட்டறேன். பத்து நாள் சும்மா கேட்டுக்கினு இருந்தார். பதினோராம் நாள் தப்புன்னார். காலைல ஆறு மணிக்கு எழுந்தார்னு எழுதியிருந்தேன். ஆறு இல்ல அஞ்சி அம்பத்திரெண்டுன்னார். அவர் சொல்றதுக்கு எடம் வேணும்னு கோடு போட்டேன். தப்பா இருந்தா மன்னிக்கவும்."

அந்தத் தாளின் வலது பக்கம் இப்படி இருந்தது: "5.52 பாண்டிச்சேரி வண்டி. வந்துச்சா. கடேசிப் பொட்டி பாத்தியா. யாரும் பாக்கல. நான் போய்ப் பாக்கணும்."

கீழே அண்ணி சேர்த்திருந்தார்: "மூணு நேரமும் அவர் டூட்டி வண்டி நேரம் தம்பி. எட்டு வருஷம் அந்த வண்டிங்கள வெச்சித்தான் நான் ஒல வெச்சேன். எனக்கே இப்பத்தான் ஒறைக்குது."

வண்டிகள் வருகின்றன, போகின்றன; கடைசிப் பெட்டியைப் பார்க்க ஆளில்லை. கிளியனூரில் மூன்று வருஷமாக அண்ணன் அதைத்தான் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவரை அங்கே அனுப்பியது நான். சாலையில் அவர் ஓடியதும் தப்பித்துப் போக இல்லை. ரயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடியிருக்கிறார்.

இந்த ஊரில் பிறந்த என் மகள் வசந்திக்கு அப்போது நான்கு வயது. மேசையில் இருந்த நோட்டைப் பார்த்து, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பெரியப்பா என்றேன். இன்றுவரை அவளுக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. அவளுக்குப் பெரியப்பா என்பவர் தபாலில் வருகிற ஒரு நோட்டுதான்.

6

அந்தக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் வேறொரு செய்தியும் இருந்தது. மனம் பிசகியவர்களைக் கொண்டுபோய்ச் சங்கிலியில் விட்டுவருகிற ஓர் இடத்தில் மாமா பேசி முடித்துவிட்டார். பங்குனி பிறந்ததும் அண்ணனை அங்கே சேர்த்துவிடப் போகிறார். ஒரு மண்டலம் என்று சொல்லிப் போனவர்கள் பல வருஷமாக அங்கேயே கிடப்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

விடுப்புக்கு விண்ணப்பித்தேன். காரணம் என்ற கட்டத்தில் "அண்ணனைக் கவனிக்க" என்று எழுதினேன். அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பியது. அண்ணன் இந்த மருத்துவமனையின் நோயாளியா? இல்லையென்றால் கவனித்தல் என்ற காரணம் பொருந்தாது. "குடும்பத்தைப் பார்க்க" என்று மாற்றி எழுதினேன். மூன்றாவது வாரம் கையெழுத்தாகி வந்தது. கப்பலில் பம்பாய், அங்கிருந்து சென்னை. அறுபத்திரண்டு மாசி கடைசியில் கிளியனூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பங்குனி பிறக்க ஒன்பது நாள் இருந்தது.

மோட்டார் கொட்டகையில் அண்ணன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடி நரைத்திருந்தது. கணுக்காலில் கயிறு உராயாமல் இருக்க அண்ணி பழைய புடவைத் துணியைச் சுற்றியிருந்தார். அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாடா தொர, சூட்டு கோட்டு எல்லாம் ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்றார். அவ்வளவுதான். பிறகு அன்றைக்குப் பேசவில்லை.

மாமா என்னைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். "பேஜாரா பூட்ச்சிப்பா. எனக்கு ஒரே பொண்ணு. அவ மூஞ்ச பாக்க முடியல. நானும் எத்தினி நாளு மாட்டுக்குத் தண்ணி காட்றா மாதிரி மருமவனுக்குத் தண்ணி காட்டிக்கினு இருக்கறது? அங்க உட்டா சாமி பாத்துக்கும். வாக்கு குட்த்துட்டேன்."

அண்ணி பின்னாலேயே வந்துவிட்டார். "யப்பா, நீ குட்த்த வாக்கு. அவரு குட்த்தாரா, நான் குட்த்தனா?"

"ஒனக்கு இன்னாடி தெரியும்?"

"நாலு நோட்டு ரொம்புற அளவுக்குத் தெரியும்."

நான் என் பழைய கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். ரயில் இல்லாத ஊருக்கு அனுப்பச் சொன்னது என் பிழை என்றேன். ஒரே ஒரு நாள் அண்ணனைத் திண்டிவனம் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகலாம் என்று கேட்டேன்.

"அவுத்து உட்டு ஓடிட்டான்னா?"

"ஓடிட்டா நீங்க சொன்ன எடத்துக்கே இட்டுக்கினு போங்க மாமா. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுத்தான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். அவர் புருஷனை வைத்து நான் பந்தயம் கட்டியிருந்தேன். அவர் உள்ளே போய் அண்ணனுக்குத் துவைத்த வேட்டியை எடுத்துவைத்தார்.

7

மறுநாள் காலை ஏழு மணி பஸ். அண்ணனுடைய இடது மணிக்கட்டையும் தம்முடைய வலது மணிக்கட்டையும் ஒரே கயிற்றில் கட்டி, மேலே துண்டைப் போட்டு மறைத்திருந்தார் மாமா. மிச்சக் கயிறு மடியில் சுருட்டிக் கிடந்தது. டிக்கெட் போட வந்த கண்டக்டர் அதைப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, சந்தைக்கா? மாடு வாங்கவா?"

"ஆமாப்பா, மாடுதான்" என்று முணுமுணுத்தார் மாமா.

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "வாங்கியாச்சிங்க. டிக்கெட் போடுங்க."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. மாமா மட்டும் திண்டிவனம் வரும்வரை தலையைத் தூக்கவில்லை.

திண்டிவனம் ஸ்டேஷனில் விழுப்புரம் பக்கம் போகிற வண்டிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. பிளாட்பாரத்தின் நடு பெஞ்சில் உட்கார்ந்தோம். கை மணி அடிக்கப்பட்டது. தூரத்தில் எஞ்சின் கூவியது. அண்ணன் எழுந்தார், கயிறு இழுத்ததில் மாமாவும் எழவேண்டியதாயிற்று.

"யப்பா, அவுத்து உடு."

"அலமேலு, வண்டி வர்ற நேரம்டி. குதிச்சிட்டான்னா இன்னா பண்ணுவ?"

"அவருதான் ரயிலடிக்கு வந்துட்டாரே. இனிமே எங்க ஓடப்போறாரு? ஜல்தி அவுரு."

மாமா இடது கையால் முடிச்சை நோண்டினார். முடிச்சு அவிழவில்லை. அண்ணி குனிந்து பல்லால் இழுத்து அவிழ்த்தார்.

அண்ணன் ஓடவில்லை. பிளாட்பாரத்தின் கோடி வரை நடந்து போய், விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி, கால்களைச் சேர்த்து நேராக நின்றார். நான் நாலடி பின்னால் நின்றேன். என் தொழிலில் இவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரையும் நான் கவனித்ததில்லை. வண்டி வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. வண்டி புறப்பட்டது. ஒவ்வொரு பெட்டியாக அவர் முகத்துக்கு முன்னால் போயிற்று. கடைசிப் பெட்டியும் அதன் பின்னால் மாட்டிய பலகையும் கடந்தன. பலகை சின்னதாகி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"முழுசா போச்சி."

திரும்பி நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "அலமேலு, பசிக்குது" என்றார்.

இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அண்ணி அவர் கையில் கொடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ரயில் சத்தம் வேண்டாம் என்று எழுதியது நான்தான் அண்ணா என்றேன்.

"சத்தம் என்னை இன்னாடா பண்ணுது? சத்தம் இல்லன்னாதான் பயம்." இட்லியை மென்று விழுங்கினார். "இங்கிலீஷ் புக்குல போட்டிருந்தானா அத?"

"ஆமாண்ணா."

"அவன் பாயிண்ட்ஸ்மேன் இல்ல."

மாமா கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். பிறகு, யாரையும் பார்க்காமல் பேசினார்: "உழுப்புரத்துலயே ஊடு பாத்துடலாம். கோலியனூர் பக்கம் நம்ம பங்காளி ஒருத்தன் கீறான். கொல்லையில நின்னா பாண்டிச்சேரி லைனு தெரியும்."

கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று அண்ணி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

8

ஒரே நாளில் குணமாகிவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். விழுப்புரம் போன பிறகும் கெட்ட நாட்கள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. ஒரு தடவை பாதையோரமாக வெகுதூரம் நடந்துவிட்டார். ரயில்வே கேட்டில் இருந்தவர் பழைய ஆளை அடையாளம் கண்டு கூட்டிவந்தார். மாத்திரையும் தொடர்கிறது. ஆனால் அந்த மாத்திரை விஷயத்திலும் நோட்டு உதவியது. விழுப்புரத்து டாக்டர் முதலில், "இதை யாரும்மா எழுதறது?" என்று சந்தேகத்தோடு வாங்கியவர், நின்றபடியே ஆறு தாள் படித்தார். ராத்திரி மாத்திரையின் மயக்கத்தில் அண்ணன் 5.52 வண்டியைத் தவறவிட்ட நாட்களிலெல்லாம் பகல் மோசமாக இருந்ததை வலது பக்கத்தில் அண்ணனே சொல்லியிருந்தார். டாக்டர் அளவைக் குறைத்து நேரத்தை மாற்றினார். இப்போது அவர் தம்மிடம் வருகிற மற்றக் குடும்பங்களையும் நோட்டு வாங்கச் சொல்கிறாராம். எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி போகிறார். எழுதத் தெரியாத ஒரு திருவாமாத்தூர்ப் பெண்ணுக்கு, மகன் நிலைகொள்ளாமல் தவிக்கிற ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு மல்லாட்டையாகத் தகர டப்பாவில் போட்டுவைத்து, சாயங்காலம் மகனிடம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக் கேட்கும்படி சொல்லிக்கொடுத்ததாக எழுதியிருந்தார். அந்த யோசனை எங்கள் மருத்துவமனையில் யாருக்கும் தோன்றாதது.

அண்ணியின் நோட்டை ஆங்கிலத்தில் எழுதி வகுப்பில் படித்தபோது மிஸ்டர் டாசனும் இருந்தார். நான் என் பிழையை மறைக்காமல் சொன்னேன். எல்லோரும் அண்ணியைப் பாராட்டினார்கள். மிஸ்டர் டாசன் மட்டும், "அந்தக் கடைசிப் பெட்டிப் பலகை என்ன நிறம்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அண்ணனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "அடுத்த கடிதத்தில் உங்கள் அண்ணனைக் கேளுங்கள்" என்றார். கேட்டேன். அண்ணன் பதிலை ஒரு முழுப்பக்கத்துக்குச் சொல்லி எழுதவைத்திருந்தார். அதன் பிறகு மூன்று வருஷமாக அவர்கள் இருவருக்கும் என் மூலம் கடிதப் போக்குவரத்து இருக்கிறது. ஒருவர் கடிகாரத்தைப் பற்றி எழுதுகிறார், மற்றவர் வண்டிகளைப் பற்றி. மொழிபெயர்ப்பது மட்டும் என் வேலை.

9

விடுப்பு முடிந்து நான் புறப்பட்ட நாளைப் பற்றி டைரியில் ஒரு பக்கம் இருக்கிறது. பங்குனி பிறந்து பன்னிரண்டாம் நாள். கோலியனூர்ப் பக்கத்து வீட்டில் அவர்கள் குடியேறி ஒரு வாரம் ஆகியிருந்தது. விழுப்புரத்திலிருந்து சென்னை வண்டியில் என்னை ஏற்றிவிட மூன்று பேரும் வந்தார்கள். மாமா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கொடுங்கள் என்று கேட்டால் கொடுக்கவில்லை. அண்ணியின் இரண்டு கையிலும் எனக்கான பைகள். அண்ணன் சும்மா கையை வீசிக்கொண்டு, முகம் மழித்து, எல்லோருக்கும் முன்னால் நடந்தார். போர்ட்டர் ஒருவர், "இன்னா கோவிந்தசாமி, ஒடம்பு எப்படி கீது?" என்று கேட்டார். "கீது" என்றார் அண்ணன்.

மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "நீ போனப்புறம் எதனா ஆச்சின்னா?" என்று கேட்டார்.

"அண்ணியக் கேளுங்க மாமா" என்றேன்.

வண்டி நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அசைத்தேன். மாமா அசைத்தார். அண்ணி தலையை அசைத்தார். பிளாட்பாரத்தின் கோடியில் நின்றிருந்த அண்ணனை என் பெட்டி கடந்தது. ஐந்தாறு வருஷத்துக்குத் திரும்பிவர முடியாத தம்பி நான். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் கண் பின்னால் வருகிற பெட்டிகளின் மேல் இருந்தது.

எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசிப் பெட்டியும் அவரைத் தாண்டியதும், பக்கத்தில் வந்து நின்ற அண்ணியிடம் திரும்பி ஏதோ சொன்னார். அந்தத் தூரத்திலிருந்து எனக்குக் கேட்கவில்லை. கேட்காததை எழுதக்கூடாது என்பதால் நான் எழுதவில்லை. அன்றைய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "வண்டி சரியான நேரத்தில் புறப்பட்டது. அண்ணன் கடைசிவரை நின்றார். யாரும் அவரைப் பிடித்திருக்கவில்லை."